ஸ்கேன் அறிக்கையில் ஒரு வரி: சைக்கோசிஸும் மூளை அமைப்பும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நான் சிகிச்சை அளித்த ஒரு பெண்ணைப் பற்றி, அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய் சைக்கோசிஸ், அதாவது இல்லாத குரல்கள் கேட்பதும் நடக்காததை உறுதியாக நம்புவதும். அது அபூர்வமானது அல்ல, கொடுத்த மருந்துகளும் வழக்கமானவைதான். எழுத வைத்தது மூளை ஸ்கேன் அறிக்கையில் இருந்த ஒற்றை வரியும், அதை நான் கையாண்ட விதமும்.

பின்னணி

அவருக்கு அப்போது 26 வயது. அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்க்கும் வேலை. தம்பியுடன் வசித்து வந்தார். மது, கஞ்சா பழக்கம் எதுவும் இல்லை. குடும்பத்தில் மனநோய் உண்டா என்று கேட்டபோது, அத்தை ஒருவர் பல வருடம் வீட்டை விட்டு வெளியே வராமலே இருந்து இறந்தார் என்று தம்பி சொன்னார். யாரும் அவரை மருத்துவரிடம் காட்டியதில்லை.

பிரச்சினை தொடங்கி ஏழு மாதம் கழித்துத்தான் எங்களிடம் வந்தார். ஆரம்பத்தில் வேலையில் மட்டும்தான் தெரிந்தது. புரூஃப் தாள்களில் வரும் எழுத்துப் பிழைகள் தற்செயலானவை அல்ல, அவற்றை வரிசையாகக் கோத்தால் தனக்கு ஒரு செய்தி வருகிறது என்று நினைக்கத் தொடங்கினார். அப்புறம் இரண்டு குரல்கள். அவர் என்ன நினைக்கிறாரோ அதை ஒன்று சொல்ல, மற்றொன்று கேலி செய்தது. கடைசி மூன்று வாரங்களில் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்ற பயத்தில் மிகக் குறைவாகத்தான் சாப்பிட்டார், தண்ணீரையும் பெரும்பாலும் மறுத்தார். எடை 6 கிலோ குறைந்திருந்தது. அனுமதிக்கப்படுவதற்கு நான்கு நாள் முன்பு குளியலறையில் மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகுதான் தம்பி வற்புறுத்தி அழைத்து வந்தார்.

முதல் அனுமதியில் கண்டது

பேச்சில் தெளிவு இருந்தது. நாள், இடம், ஆள் எல்லாம் சரியாகச் சொன்னார். காய்ச்சல் இல்லை, வலிப்பு இல்லை, கைகால் அசைவில் விபரீதம் எதுவும் இல்லை. முகத்தில் பயம் மட்டும் அப்பட்டமாகத் தெரிந்தது.

இளம் வயதுப் பெண்ணுக்கு முதன்முறையாக சைக்கோசிஸ் வரும்போது, மூளையில் நரம்பணுக்கள் செய்தி பெறும் என்எம்டிஏ ஏற்பிகளை உடலின் எதிர்ப்புப் புரதங்களே தாக்கும் மூளை அழற்சியையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 2007-ல் தெளிவாக விவரிக்கப்பட்ட நோய் அது. பல நேரம் மனநோய் போலவே தொடங்கும். இவருக்குப் பிரச்சினை மாதக்கணக்கில் மெதுவாக வளர்ந்திருந்ததால் அதற்கான வாய்ப்பு குறைவு. ஆனாலும் மயங்கி விழுந்ததை ஒதுக்கிவிட முடியவில்லை. ரத்தப் பரிசோதனைகள், தைராய்டு, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இஇஜி, ரத்தத்தில் அந்த எதிர்ப்புப் புரதம், மூளை எம்ஆர்ஐ ஆகியவற்றுக்கு எழுதினேன். நரம்பியல் மருத்துவரும் வந்து பார்த்தார். முதுகுத்தண்டு நீர் எடுக்க வேண்டிய அறிகுறி எதுவும் இல்லை என்று இருவரும் முடிவு செய்தோம். மயக்கத்துக்கு நீரிழப்புதான் காரணம் என்பது இரண்டு நாளில் தெரிந்துவிட்டது.

எம்ஆர்ஐ அனுமதியின் மூன்றாம் நாள் எடுக்கப்பட்டது. கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை, அழற்சி இல்லை. அறிக்கையின் கடைசிக்கு முந்தைய வரி இது: இரு பக்கவாட்டு மூளையறைகளும் வயதுக்குச் சற்றுப் பெரிதாக உள்ளன, ‘மைல்ட் செரிப்ரல் அட்ரோஃபி’.

மூளையறைகள் என்பவை மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் இடங்கள். சைக்கோசிஸை உண்டாக்கும் நோய்களில் முக்கியமான மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களில் அவை பெரிதாக இருப்பதை மனநல மருத்துவர் ஈவ் ஜான்ஸ்டோனும் சகாக்களும் 1976-ல் சிடி ஸ்கேன் கொண்டு காட்டினார்கள். நோயாளிகள் 17 பேர், ஒப்பிட 8 பேர், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகள் அதையே உறுதிப்படுத்தின. ஆகவே அந்த வரி எனக்கு ஆச்சரியம் தரவில்லை. சிகிச்சையை மாற்றும் தகவலும் அதில் இல்லை. கேஸ் ஷீட்டில் “குறிப்பிடும்படி ஏதும் இல்லை” என்று எழுதினேன். தம்பியிடம், அவர் அருகில் இருக்கும்போதே, “ஸ்கேன் நார்மல்” என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்ல மூன்று விநாடிகூட ஆகியிருக்காது.

முதல் சிகிச்சை

ரிஸ்பெரிடோன் என்ற சைக்கோசிஸ் மருந்தை 1 மி.கி.யில் தொடங்கி 3 மி.கி.க்கு உயர்த்தினோம். இரண்டாம் வாரத்தில் சாப்பிடத் தொடங்கினார். 24-ஆம் நாள் வீட்டுக்குப் போனார். ஐந்தாம் வார முடிவில் குரல்கள் நின்றன. பிழைகளில் செய்தி இருப்பதாக நினைத்தது “ஒரு மாதிரியான கனவு” என்று அவராகவே சொன்னார். மூன்றாம் மாதத்தில் அரை நாள் வேலைக்குத் திரும்பினார்.

வெளியிலிருந்து பார்த்தால் நல்ல முன்னேற்றம். நான் சரியாகக் கேட்காமல் விட்ட ஒன்று, மாதவிலக்கு. நான்கு மாதமாக நின்றுபோயிருந்தது. ரிஸ்பெரிடோன், மாதவிலக்கை நிறுத்தக்கூடிய புரோலாக்டின் ஹார்மோனின் சுரப்பைக் கூட்டும் மருந்து என்பது எங்களுக்கெல்லாம் பாடம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் தம்பி கூடவே அமர்ந்திருந்த அறையில் அந்தக் கேள்வி வரவே இல்லை. அவராகச் சொல்லவும் இல்லை.

அறிக்கையைப் படித்த நாள்

ஐந்தாம் மாதத்தில் காப்பீட்டுக்காகக் கோப்பின் நகல் தேவைப்பட்டது. தம்பி வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். புரூஃப் பார்ப்பவர் கையில் தாள் கிடைத்தால் படிக்காமல் இருப்பாரா? முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்திருக்கிறார். ‘அட்ரோஃபி’ என்ற சொல்லை அகராதியில் பார்த்தார். தேய்மானம், சுருக்கம், நலிவு என்று பொருள் போட்டிருந்தது. பிறகு இணையத்தில் தேடினார். சைக்கோசிஸுக்குக் கொடுக்கும் மருந்து மூளையைச் சுருக்குகிறது என்று பல இடங்களில் இருந்தது.

இப்போது அவர் பக்கம் இருந்து பாருங்கள். மருத்துவர் நார்மல் என்றார், தாள் தேய்மானம் என்கிறது. மருந்து சாப்பிட்ட பிறகு மாதவிலக்கு நின்றது, தூக்கம் கூடியது, வேலையில் வேகம் குறைந்தது. அதே மருந்து மூளையைச் சுருக்கும் என்று எழுதியும் இருக்கிறது. மருந்தை நிறுத்துவது பைத்தியக்காரத்தனமான முடிவே அல்ல. கையில் இருந்த தகவலுக்கு அது நியாயமான முடிவு. என்னிடம் கேட்டிருக்கலாம்தான், ஆனால் ஒருமுறை பொய் சொன்னவரிடம் ஏன் கேட்க வேண்டும்?

யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். முதல் ஒரு மாதம் நன்றாகவே உணர்ந்தார். அதுவே அவருடைய நம்பிக்கையை உறுதி செய்தது. ஆறாம் வாரத்தில் தூக்கம் போனது. பத்தாம் வாரத்தில் குரல்கள் திரும்பின. இந்த முறை அவை என் பெயரையும் சொன்னதாகப் பின்னால் அறிந்தேன்.

இரண்டாம் அனுமதி

தம்பி கோப்பையும் கொண்டுவந்திருந்தார். ஸ்கேன் அறிக்கையில் அந்த வரியின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு. ஓரத்தில், அச்சுத் திருத்தக் குறிகள் போடும் இடத்தில், “ஆதாரம்?” என்று ஒரே ஒரு சொல். அதைப் பார்த்த பிறகுதான் என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது.

மருந்தை மீண்டும் தொடங்கி, அவர் நிலைமை கொஞ்சம் தெளிந்து, எதிரே உட்கார்ந்து பேச மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் நான் செய்த ஒரு உருப்படியான காரியம், படத்தை எடுத்துக்கொண்டு கதிரியக்க மருத்துவரிடம் நேரில் போனது. முதலில் அறிக்கை எழுதியவர் அவர்தான். நான் கேட்டது இரண்டே கேள்விகள். அறைகளை அளந்தீர்களா? இல்லை, கண்ணால் பார்த்த மதிப்பீடுதான். நோயாளி மூன்று வாரமாகச் சரியாக உண்ணாமல், நீர் அருந்தாமல் இருந்தவர் என்று தெரியுமா? தெரியாது. என் விண்ணப்பத்தில் நான் அதை எழுதவே இல்லை. “முதல் சைக்கோசிஸ், ஸ்கேன் தேவை” என்று மட்டும் எழுதியிருந்தேன்.

உடலில் நீர் வற்றினால் மூளையின் கன அளவு சற்றுக் குறைந்து அறைகள் சற்று விரியும். நீண்ட நாள் பட்டினியில் அது இன்னும் கூடும், உண்டு தேறினால் பெரும்பாலும் மீளும். உணவை மறுக்கும் அனோரெக்சியா நோயாளிகளிடம் இது பலமுறை கண்டறியப்பட்டது. அதற்கு மேல் ஒரு அடிப்படை விஷயமும் இருக்கிறது. தேய்மானம் என்றால் முன்பு இருந்தது இப்போது குறைந்திருக்க வேண்டும். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு குறைந்தது என்று எப்படிச் சொல்வது? ஒருவர் குட்டையாக இருக்கிறார் என்பதால் சுருங்கிப்போனார் என்று சொல்வோமா? கதிரியக்க மருத்துவர் அறிக்கையைத் திருத்தி எழுத உடனே ஒப்புக்கொண்டார்: “அறைகள் இயல்பின் மேல் எல்லையில் உள்ளன. படம் எடுத்தபோது நீரிழப்பு இருந்தது. இதை வைத்து முடிவுக்கு வர இயலாது.”

அவருடன் நடந்த உரையாடல்

தம்பியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் பேசினோம். முதலில் என் தவறைச் சொன்னேன். அறிக்கையில் ஒரு வரி இருந்தது, அது சிகிச்சையை மாற்றாது என்று நானே முடிவு செய்து, நார்மல் என்று சொன்னேன், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன்.

“அப்போ என் மூளை சுருங்கியிருக்கா இல்லையா டாக்டர்?”

ஒரு படத்திலிருந்து தெரியாது என்றேன். அவர் திருப்தி அடையவில்லை. “ஆனா இந்த நோய் இருக்கிறவங்களுக்குச் சின்னதா இருக்குன்னு ஆராய்ச்சி சொல்லுதே?”

சொல்கிறது, உண்மைதான். 2016-ல் வெளியான பன்னாட்டுக் கூட்டு ஆய்வில் மனச்சிதைவு உள்ள 2,028 பேரையும் இல்லாத 2,540 பேரையும் ஒப்பிட்டார்கள். நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் சராசரியாகச் சிறியதாகவும் பக்கவாட்டு அறைகள் பெரியவையாகவும் இருந்தன. சராசரியில்தான். இதை விளக்க நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அவருடைய தொழிலே கைகொடுத்தது. “இரண்டு அச்சகங்கள். ஒன்றில் பக்கத்துக்குச் சராசரியாக நான்கு பிழை, இன்னொன்றில் ஐந்து. ஒரு பக்கத்தைக் கொடுத்தால் எந்த அச்சகத்துடையது என்று சொல்ல முடியுமா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “ஆயிரம் பக்கம் கொடுத்தா சொல்லலாம். ஒண்ணை வச்சு முடியாது” என்றார். அதற்குப் பிறகு நான் அந்த விஷயத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இருக்கும் வித்தியாசமும் முழுக்கத் தேய்மானம் அல்ல. 2013-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் நோயாளிகளின் மொத்த மூளை அளவு சராசரியாக 2.6 விழுக்காடு குறைவு, மண்டையோட்டின் உள்ளளவே 2.0 விழுக்காடு குறைவு. குழந்தைப் பருவத்தில் மூளை வளர்வதற்கு ஏற்பத்தான் மண்டையோடு வளர்கிறது, பிற்பாடு மூளை சிறுத்தாலும் ஓடு சிறுப்பதில்லை. ஆக, வித்தியாசத்தின் ஒரு பங்கு நோய் வெளிப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, வளர்ச்சியிலேயே வந்தது. இறந்தபின் நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வுகளிலும், மறதி நோயில் காண்பது போல நரம்பணுக்கள் கூட்டமாக மடிந்ததற்கான தழும்பு இல்லை. அணுக்களுக்கு இடையிலான கிளைகளும் இணைப்பு முனைகளும் சில பகுதிகளில் குறைவாக இருந்தன.

ஆனால் இதோடு நிறுத்தியிருந்தால் இரண்டாவது முறையும் அரை உண்மை சொன்னவன் ஆகியிருப்பேன். அவர் கேட்டார்: “மருந்து?”

மருந்துக்கும் பங்கு இருக்கிறது என்றேன். மனநோய் எதுவும் இல்லாத குரங்குகளுக்கு 17 முதல் 27 மாதம் ஹாலோபெரிடால் அல்லது ஓலன்சபின் என்ற சைக்கோசிஸ் மருந்து கொடுத்த ஆய்வில், மூளையின் எடை 8 முதல் 11 விழுக்காடு குறைவாக இருந்தது. 211 நோயாளிகளைச் சராசரியாக ஏழு வருடம் தொடர்ந்து படமெடுத்து 2011-ல் வெளியான ஆய்வில், கூடுதல் மருந்து எடுத்தவர்களிடம் மூளைத் திசு கூடுதலாகக் குறைந்திருந்தது. கடுமையான நோய் உள்ளவர்தானே கூடுதல் மருந்து எடுப்பார் என்று அதை மறுக்கலாம், அந்த ஆய்வாளர்களும் அதைக் கணக்கில் கொள்ள முயன்றார்கள். 2020-ல் வந்த ஆய்வு அந்த மறுப்புக்கு இடம் தரவில்லை. சைக்கோசிஸுடன் கூடிய மனச்சோர்விலிருந்து தேறியவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஓலன்சபினைத் தொடர்ந்தார்கள், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. 36 வாரத்தில் மருந்து தொடர்ந்தவர்களின் மூளையின் வெளி அடுக்கான புறணி ஒப்பீட்டளவில் மெலிந்திருந்தது. அந்த மெலிவு சிந்தனையைப் பாதித்ததா என்பது வேறு கேள்வி. கன அளவு மாறினால் அறிவு மங்கிவிட்டது என்று அர்த்தமில்லை.

மறுபக்கம் மருந்தை நிறுத்துவது. 65 ஆய்வுகளைத் திரட்டி 2012-ல் வெளிவந்த கணக்கில், மருந்து தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27 விழுக்காட்டினருக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 64 விழுக்காட்டினருக்கு. இந்த எண்ணை அவரிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது, மிரட்டுவது போல ஆகிவிடுமோ என்று. அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். “நிறுத்தினவங்கள்ல மூணுல ஒருத்தருக்குத் திரும்பல. அதுல நான் இல்லைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது.” சரி, அதுவும் ஒரு வாசிப்புதான்.

எடுத்த முடிவுகள்

மருந்தை, புரோலாக்டினைக் கூட்டாத அரிபிப்ரசோலுக்கு மாற்றினோம். மூளை அளவைக் கருதி அல்ல. அந்தக் காரணத்துக்காக ஒரு மருந்தை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கப் போதுமான ஆதாரம் இல்லை. மாற்றியது புரோலாக்டினுக்காக. முதல் இரண்டு வாரம் கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாத தவிப்பு இருந்தது. புரோப்ரனோலால் கொடுத்துச் சமாளித்தோம். அரிபிப்ரசோல் 10 மி.கி.யில் நிலைத்தார். மூன்று மாதத்தில் மாதவிலக்கு திரும்பியது.

இரண்டாவது முடிவு, அளவைப் பற்றியது. நோயைக் கட்டுப்படுத்தும் மிகக் குறைந்த அளவு எதுவோ அதில் வைப்பது, குறைப்பதாக இருந்தால் சேர்ந்து முடிவு செய்து, மாதக்கணக்கில் மெதுவாகக் குறைப்பது. மாத்திரையை நிறுத்தத் தோன்றினால் நிறுத்தும் முன் சொல்வது என்று அவர் ஒப்புக்கொண்டார். கோபப்படாமல் கேட்பது என்று நான் ஒப்புக்கொண்டேன்.

மூன்றாவது விஷயத்தில் எங்கள் குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. அவர் மறுபடி ஒரு ஸ்கேன் கேட்டார். சிகிச்சைக்குத் தேவையில்லாத பரிசோதனை, இன்னொரு வரி இன்னொரு பயத்தைக் கிளப்பும் என்று ஒரு சகா எதிர்த்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் ஒரே ஒரு படம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம் என்பதால், எடுக்கலாம் என்றேன். நிபந்தனைகள்: அதே கருவி, உடல் தேறிய பிறகு, அறைகளை அளந்து எழுத வேண்டும். படம் எப்படி வந்தாலும் மருந்து முடிவு அதனால் மாறாது என்பதை முன்கூட்டியே நாங்கள் பேசி எழுதி வைத்தோம்.

பின்னர் நடந்தது

முதல் ஸ்கேனுக்குப் பதினான்கு மாதம் கழித்து இரண்டாவது எடுக்கப்பட்டது. இரண்டையும் ஒரே நாளில் அளந்தார்கள். அறைகள் முதலில் இருந்ததைவிட மிகச் சற்றே சிறியவை. தலை வைத்த கோணத்தால் வரும் வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும் அளவு அது. மூளை வளர்ந்துவிட்டது என்று கொண்டாடவும் முடியாது, மருந்து எதுவும் செய்யவில்லை என்று நிரூபிக்கவும் முடியாது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு வருடம் ஆகிறது. குரல்கள் இல்லை. முழு நேர வேலைக்குத் திரும்பிவிட்டார், ஆனால் பழைய வேகம் இல்லை. காலையில் பார்க்கும் பக்கங்களில் ஒரு பிழையும் தப்புவதில்லை, மதியத்துக்கு மேல் தப்புகின்றன என்று அவரே கணக்கு வைத்திருக்கிறார். இது நோயின் மிச்சமா, மருந்தா, ஏழு மாதம் சிகிச்சை இல்லாமல் போனதன் விலையா என்று பிரித்துச் சொல்ல எந்தப் படமும் உதவாது. கடினமான கையெழுத்துப் பிரதிகளைக் காலையில் வைத்துக்கொள்ளும்படி வேலையை மாற்றி அமைத்தார். போன மாதம் அளவை 7.5 மி.கி.யாகக் குறைத்திருக்கிறோம். அடுத்த ஆறு மாதம் அதிலேயே இருந்து பார்ப்பது என்று பேச்சு.

நாங்கள் மாற்றியவை

ஸ்கேன் எடுக்கும் முன் இப்போது ஐந்து நிமிடம் பேசுகிறோம். எதைத் தேடி எடுக்கிறோம், எது தெரியாது என்று. முதல் சைக்கோசிஸில் எடுக்கும் எம்ஆர்ஐகளில் சுமார் 6 விழுக்காட்டில்தான் சிகிச்சையை மாற்றும் ஏதாவது கிடைக்கிறது. நான்கில் ஒன்றில் ஏதோ ஒரு சிறு வித்தியாசம் அறிக்கையில் வந்துவிடும். இதை முன்பே சொன்னால், பின்னால் வரும் வரி பயமுறுத்துவதில்லை, அல்லது குறைவாகப் பயமுறுத்துகிறது. விண்ணப்பத்தில் உடல் எடை, நீர்ச்சத்து, எத்தனை நாள் சாப்பிடவில்லை என்பதையும் எழுதுகிறோம். அறிக்கை வந்ததும் சம்பந்தப்பட்டவரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கிறோம். நேரம் ஆகிறது, வெளிநோயாளர் பிரிவில் இதைப் பற்றி முணுமுணுப்பும் உண்டு.

மாதவிலக்கு பற்றிய கேள்வியை ஒவ்வொரு சந்திப்பிலும், தனியாக இருக்கும்போது கேட்கிறோம். அதற்கு இந்த நிகழ்வு தேவைப்பட்டிருக்கவே கூடாது.

குடும்பங்களுக்குக் கொடுக்க ஒரு பக்கக் குறிப்பு ஒன்றும் தயாரித்தோம். புரூஃப் பார்த்துக் கொடுத்தது அவர்தான். ‘சுருக்கம்’ என்ற சொல் மூன்று இடங்களில் இருந்தது. இரண்டில் அதை அடித்துவிட்டு ‘அளவு வித்தியாசம்’ என்று மாற்றினார். மூன்றாவது, மருந்தைப் பற்றிய வாக்கியம். அங்கே சொல்லை மாற்றாமல், மருந்துக்கும் பங்கு இருக்கலாம் என்பதை அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைக்காமல் தனி வாக்கியமாகப் போடச் சொன்னார். அப்படியே போட்டிருக்கிறோம்.